ஆன்லைன் கடையின் ஆண்டுச் சந்தா: புதுப்பிக்கலாமா, விட்டுவிடலாமா?

தேன்சிட்டு:

வணக்கம். ஒரு பெரிய ஆன்லைன் கடையின் உறுப்பினர் சந்தா இன்னும் 20 நாளில் தானாகப் புதுப்பிக்கப்படும். தொடரலாமா என்று முடிவு செய்ய வேண்டும். இங்கே பல நாடுகளில் இருந்து படிக்கிறீர்கள் என்பதால் நாணயத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் தருகிறேன்.

ஆண்டுக் கட்டணம் 1500. மாதச் சந்தாவாக எடுத்தால் 200. சந்தா இல்லாதவர்களுக்கு 500க்கு மேல் வாங்கினால் சாதாரண டெலிவரி இலவசம், அதற்குக் கீழே என்றால் 40. எக்ஸ்பிரஸ் டெலிவரி எந்த ஆர்டருக்கும் 80. சந்தா இருந்தால் இரண்டும் இலவசம். சந்தாவோடு வீடியோ சேவையும் வருகிறது. விற்பனை நாட்களில் மற்றவர்களுக்கு முன்பே வாங்கலாம்.

சந்தாப் பக்கத்தைத் திறந்தால் "இந்த ஆண்டு டெலிவரியில் நீங்கள் சேமித்தது 3280" என்று காட்டுகிறது. அப்படிப் பார்த்தால் கட்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் திரும்ப வந்துவிட்டது. இந்த எண்ணை நம்பலாமா? நம்பக்கூடாது என்றால் சரியான கணக்கை எப்படிப் போடுவது?

கணக்குப்புலி:

அந்த எண் பொய் இல்லை. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது பதில் இல்லை.

3280ஐ 80ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 41 வரும். அனேகமாக உங்களுடைய 41 ஆர்டர்களுக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணத்தைப் போட்டுக் கூட்டியிருக்கிறார்கள். சந்தா இல்லாமல் இருந்திருந்தால் 41 தடவையும் 80 கொடுத்து எக்ஸ்பிரஸில் வரவழைத்திருப்பீர்களா? நிச்சயமாக மாட்டீர்கள். பல 500ஐத் தாண்டிச் சும்மாவே வந்திருக்கும். சிலவற்றைச் சேர்த்து வாங்கியிருப்பீர்கள், சிலவற்றை வாங்கியே இருக்க மாட்டீர்கள். சந்தா இல்லாத வருடத்தில் உங்கள் கையை விட்டுப் போயிருக்கும் பணம் எவ்வளவோ அதுதான் சேமிப்பு. கடை தன்னுடைய விலைப்பட்டியலை வைத்துச் சொல்வது வேறு கணக்கு.

செய்ய வேண்டியது இதுதான். ஆர்டர் வரலாற்றில் கடைசி 12 மாதத்தை மட்டும் எடுங்கள். எக்செலிலோ நோட்டுப் புத்தகத்திலோ ஆர்டருக்கு ஒரு வரி. ஒரே ஆர்டர் மூன்று பெட்டியாகப் பிரிந்து வந்திருக்கலாம், எனவே பார்சலை எண்ணாமல் ஆர்டர் எண்ணை எண்ணுங்கள். கேன்சல் ஆனதையும் திருப்பி அனுப்பியதையும் முதலிலேயே அடித்துவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம் இருந்தால் போதும்: தேதி, தொகை, யார் விற்றது, உண்மையிலேயே அவசரமா.

தொகை என்பது கூப்பன் கழித்த பிறகு உள்ள தொகை. 500 வரம்பைப் பெரும்பாலும் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். 520க்கு எடுத்து 30 கூப்பன் போட்டால் 490 ஆகிவிடும், டெலிவரி கட்டணம் விழும். யார் விற்றது என்பதும் முக்கியம். கடையின் சொந்தக் கிடங்கிலிருந்து வருவதற்கு மட்டும்தான் இலவச டெலிவரி பொருந்தும் என்று பல தளங்களில் விதி. வெளி விற்பனையாளர் நேரடியாக அனுப்பும் பொருள் அந்த வரம்பில் சேராது. சந்தா இருந்தாலும் அவர் கேட்கும் டெலிவரி பணத்தைத் தனியாகத்தான் கட்டியிருப்பீர்கள், ஆகவே அந்த வரிகளால் சந்தாவுக்குப் பெருமை கிடையாது.

இப்போது 500க்கு மேல் உள்ளவற்றை ஓரமாக வையுங்கள். சாதாரண டெலிவரியைப் பொறுத்தவரை அவற்றின் மதிப்பு பூஜ்யம். 500க்குக் கீழே உள்ளவற்றைத் தேதி வரிசையில் பாருங்கள். 10 நாள் இடைவெளிக்குள் இரண்டு மூன்று ஆர்டர் இருந்து, கூட்டினால் 500ஐத் தொடுகிறது என்றால் அவை ஒரே ஆர்டராகப் போயிருக்க முடியும். அதுவும் பூஜ்யம். எதோடும் சேராமல் தனியாக நிற்பவை மட்டும் ஒன்றுக்கு 40.

அதன்பிறகு அவசரம். "அடுத்த நாளே கைக்கு வராவிட்டால் வேலை நின்றுபோயிருக்கும்" என்ற அளவுகோலில் தேறுபவை எத்தனை? 500க்கு மேல் உள்ள ஆர்டராக இருந்தால் எக்ஸ்பிரஸுக்காகக் கூடுதலாகப் போயிருக்கும் தொகை 80. 500க்குக் கீழே என்றால் 40ஐ ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்டீர்கள், இன்னொரு 40 மட்டும்.

வெறும் டெலிவரியை வைத்து 1500 எடுக்க வேண்டும் என்றால், 1500 ÷ 40 = 37.5. அதாவது எதோடும் சேர்க்க முடியாத சின்ன ஆர்டர் 38 வேண்டும், மாதம் மூன்றுக்கு மேல். பெரும்பாலான வீடுகளில் இவ்வளவு வராது. அதனால்தான் வீடியோவையும் மற்றதையும் கூடவே கட்டித் தருகிறார்கள்.

வீடியோவுக்கு மதிப்புப் போடும்போது கவனம். அது தனியாக விற்கும் விலையை அப்படியே எழுதக்கூடாது. சந்தா இல்லாவிட்டால் எத்தனை மாதத்துக்குக் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களோ அத்தனை மாதம்தான். "இருக்கிறதே, பார்ப்போம்" என்று பார்த்த மாதங்களுக்கு எதுவும் போடாதீர்கள். பாட்டு, மின்னூல், விளையாட்டு எல்லாவற்றுக்கும் இதேதான்.

பொட்டலம்:

டெலிவரிக் கணக்கை மேலே அழகா சொல்லிட்டாங்க. நான் விலை பக்கம் மட்டும் சொல்றேன், அங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

"இலவச டெலிவரி"ன்னு போட்டிருந்தா அந்தச் செலவு மாயமா மறையாது. கிடங்குல வைக்க, பேக் பண்ண, அனுப்ப விற்பனையாளர்கிட்ட கடை கட்டணம் வாங்கும். அவர் அதைப் பொருள் விலையில ஏத்துவார். அதனால ஒரே பொருள், சந்தாதாரருக்கு டெலிவரி இலவசம்னு காட்டற சந்தா முத்திரையோட ஒரு விலையிலயும், முத்திரை இல்லாம கம்மி விலை பிளஸ் டெலிவரின்னும் பட்டியல்ல இருக்கும். முத்திரை வடிகட்டியை எப்பவும் ஆன் பண்ணி வச்சிருந்தா இரண்டாவது கண்ணுலயே படாது. அதை ஆஃப் பண்ணிட்டு, "மற்ற விற்பனையாளர்கள்" பட்டியலைத் திறந்து, விலையும் டெலிவரியும் சேர்ந்த மொத்தத்தைப் பாருங்க. சார்ஜர் கேபிள், பேட்டரி, போன் கவர் மாதிரி சின்னப் பொருள்லதான் இந்த வித்தியாசம் விகிதப்படி பெருசா இருக்கும். ஆனா பேட்டரி, மெமரி கார்டு மாதிரி போலி அதிகமா வர்ற பொருளுக்கு யார் விற்கிறாங்கன்னு பார்க்காம மலிவுக்காக மட்டும் போகாதீங்க.

உறுப்பினர் விலை, முன்கூட்டிய விற்பனை இதெல்லாம் நிஜமா மலிவான்னு பார்க்க விலை வரலாறு வேணும். அமேசான்ல விற்கிற பொருளுக்கு கீப்பா, கேமல்கேமல்கேமல்னு ரெண்டு இணையதளம் பல நாட்டு அமேசான் தளங்களோட விலை வரைபடத்தைக் காட்டும். கடந்த மூணு மாசத்துல சாதாரணமா எந்த விலைக்கு ஓடுச்சோ அதோட ஒப்பிடுங்க. அடிச்சுப் போட்டிருக்கிற பழைய விலையோட ஒப்பிட்டா எப்பவும் லாபம் மாதிரிதான் தெரியும். வரலாறு கிடைக்காத கடைன்னா, லாக்அவுட் பண்ணி இன்காக்னிட்டோ சாளரத்துல அதே பொருளைப் பாருங்க. அங்க தெரியறதுதான் சந்தா இல்லாதவருக்கான விலை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் சந்தாவோட கணக்குல சேரும்.

வேகத்தையும் அப்படியே சோதிக்கலாம். லாக்அவுட் பண்ணி, உங்க அஞ்சல் குறியீட்டைப் போட்டு, அடிக்கடி வாங்கற பத்துப் பொருளுக்கு எந்தத் தேதி காட்டுதுன்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் லாகின் பண்ணி அதே பத்துக்கும் பாருங்க. கிடங்கு பக்கத்துல இருக்கிற ஊர்னா ரெண்டுக்கும் ஒரு நாள் வித்தியாசம்கூட வராம போகலாம். தள்ளி இருக்கிற ஊர்னா சந்தா இருந்தாலும் சொன்ன வேகம் வராம போகலாம். இன்னொண்ணு: "இரண்டு நாள் டெலிவரி"ன்னா பல இடத்துல பொருள் கிடங்கை விட்டுக் கிளம்பின பிறகு இரண்டு நாள். ஆர்டர் போட்ட நேரத்துல இருந்து இல்ல.

கடையும் வங்கியும் சேர்ந்து தர்ற கிரெடிட் கார்டு இருந்தா அதுலயும் ஒரு குழப்பம் உண்டு. வாங்கற தொகைல உறுப்பினருக்கு 5 சதவீதம், மத்தவங்களுக்கு 3 சதவீதம் புள்ளியா திரும்பக் கிடைக்கும்னு வைங்க. சந்தா தர்றது 2 சதவீதம்தான், 5 இல்ல. அந்த 2 சதவீதத்துல 1500 எடுக்கணும்னா 75,000க்கு வாங்கணும். திருப்பி அனுப்பினா புள்ளியையும் திரும்ப எடுத்துக்குவாங்க.

கடைசியா, யாரும் கணக்குல சேர்க்காத ஒரு செலவு. டெலிவரி இலவசம்னா ஒவ்வொண்ணா ஆர்டர் போடத் தோணும். ஒத்தைப் பற்பசை, ஒத்தைப் பல்ப். நாலு சேர்ந்த பேக்கோட ஒரு யூனிட் விலையைப் பார்த்தா ஒத்தையா வாங்கறது பல நேரம் கூடுதல். 40 டெலிவரியை மிச்சம் பிடிச்சேன்னு நினைச்சிட்டு பொருள்ல 25 விட்டிருப்பீங்க. பட்டியல்ல திரும்பத் திரும்ப வர்ற பொருள் இருந்தா அதோட யூனிட் விலையை ஒரு தடவை சரிபாருங்க.

தேன்சிட்டு:

இருவருக்கும் நன்றி. சொன்னபடி பிரித்துப் பார்த்தேன்.

மொத்தம் 46 ஆர்டர். கேன்சல் 3, திருப்பி அனுப்பியது 2. மீதி 41, கணக்குப்புலி ஊகித்தது சரி. அதில் 500க்கு மேல் 18. கீழே 23. அந்த 23ல் 14 ஆர்டர்கள் ஐந்து தொகுப்பாகச் சேர்ந்து 500ஐத் தாண்டுகின்றன. தனியாக நிற்பவை 9, அதாவது 360.

அவசரம் என்று தேறியவை 4. இரண்டு 500க்கு மேல் உள்ளவை (160), இரண்டு அந்த ஒன்பதில் உள்ளவை (80). சேர்த்து 240. வீடியோவைக் காசு கொடுத்துப் பார்த்திருக்கக்கூடியது இரண்டு மாதம், தனியாக வாங்கினால் மாதம் 150, ஆக 300. உறுப்பினர் விலையில் உண்மையான வித்தியாசம் இரண்டு பொருளில் மட்டும், மொத்தம் 120.

360 + 240 + 300 + 120 = 1020. கட்டணம் 1500. 480 நஷ்டம். அப்படியானால் நிறுத்திவிடலாம், இல்லையா?

கருவேலம்:

கொஞ்சம் பொறுங்கள். கூட்டல் சரி. ஆனால் அந்தக் கூட்டலுக்குள் ஒரு வாக்குறுதி ஒளிந்திருக்கிறது: 14 சின்ன ஆர்டர்களையும் நீங்கள் பொறுமையாகச் சேர்த்து வைத்து ஐந்து தடவையில் வாங்குவீர்கள் என்பது. அதைச் செய்ய மாட்டீர்கள் என்றால் அந்த 14க்கும் 40 வீதம் 560 கூடும். 1020 + 560 = 1580. சந்தா ஜெயித்துவிட்டது, 80 வித்தியாசத்தில். ஆக உங்கள் முடிவு வீடியோவையோ விற்பனையையோ பொறுத்து இல்லை. வீட்டில் ஆர்டர் போடுபவர்கள் காத்திருப்பார்களா என்பதைப் பொறுத்தது.

மூன்று பேர் ஒரே கணக்கில் ஆர்டர் போடும் வீடு என்றால் யாராவது ஒருவர்தான் செக்அவுட் அழுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கார்ட்டில் போட்டுவிட்டு விட வேண்டும். கார்ட் 500ஐத் தொட்டதும் அல்லது வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் ஆர்டர். விதி இல்லாமல் "சேர்த்து வாங்குவோம்" என்று பேசிக்கொள்வது நடக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 430க்கு வாங்கும்போது "இன்னும் 70க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று திரை சொல்லும். 70க்குச் சரியாக எதுவும் அமையாது, 110க்கு ஏதோ ஒன்றைச் சேர்ப்பீர்கள். அடுத்த மாதம் எப்படியும் வாங்க வேண்டிய பொருள் என்றால் பரவாயில்லை. தேவையில்லாத பொருள் என்றால் 40ஐக் காப்பாற்ற 110ஐக் கொடுத்திருக்கிறீர்கள். தனியாக நிற்கும் ஒன்பதிலும் இப்படிச் செய்தால் 990 போகும், 360 மிச்சமாகும். சந்தாவை நிறுத்துகிறவர்கள் பழகிக்கொள்ள வேண்டிய முதல் காரியம், மனம் வலிக்காமல் 40ஐக் கொடுத்துவிட்டுப் போவது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீடு, வெளியே நடமாட முடியாதவர் உள்ள வீடு, அருகில் கடையே இல்லாத இடம், வண்டி இல்லாதவர். இவர்களுக்கு எக்ஸ்பிரஸ் ஆர்டரின் மாற்று 80 அல்ல. ஒரு ஆளின் அரை நாளும் போக்குவரத்துச் செலவும். அங்கே நான்கு அவசர ஆர்டர் நாற்பது ஆகிவிடும், 38 என்ற எல்லை சுலபமாகத் தாண்டும். துணி, செருப்பு அதிகம் வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பும் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். உறுப்பினருக்கு மட்டும் ரிட்டர்ன் இலவசம் என்றால், வருடத்தில் அளவு சரியில்லாமல் திருப்பியது எத்தனை என்பது தனி வரி. பொருள் பழுதாகவோ தவறாகவோ வந்து திருப்புவதை இதில் சேர்க்காதீர்கள், அது பொதுவாக எல்லோருக்கும் இலவசம்தான்.

கணக்குப்புலி:

கருவேலம் சொல்வது முழுக்கச் சரி, 1020க்கும் 1580க்கும் நடுவில் எங்கேயோதான் உண்மை இருக்கும். ஐந்து தொகுப்பில் மூன்றை மட்டும் சேர்த்து வாங்கி, ஆறு ஆர்டர் பிரிந்து போனால் 240 கூடி 1260. அப்போதும் 1500க்குக் கீழேதான்.

ஆனால் ஆண்டுச் சந்தா, ஒன்றுமில்லை என்ற இரண்டு வழி மட்டும் இல்லை. மாதச் சந்தா 200 இருக்கிறதே. 1500 ÷ 200 = 7.5. எட்டு மாதம் தேவைப்படும் என்றால்தான் ஆண்டுச் சந்தா மலிவு. ஒரு மாதத்தில் தனி ஆர்டர் ஐந்து வந்தாலே அந்த மாதத்து 200 திரும்பிவிடும். தேன்சிட்டு, உங்கள் நான்கு அவசர ஆர்டரும் எந்தெந்த மாதத்தில் வருகின்றன?

தேன்சிட்டு:

பார்த்தேன். நான்கும் இரண்டு மாதத்துக்குள் வருகின்றன. பள்ளி திறந்த மாதமும் வீடு மாறிய மாதமும். தனியாக நிற்கும் ஒன்பதில் மூன்றும் அதே இரண்டு மாதத்தில்தான், அந்த மூன்றில் இரண்டு அவசரமானவை. உறுப்பினர் விலையில் வாங்கிய இரண்டு பொருளும் வேறு மாதம்.

கணக்குப்புலி:

அப்படியானால் கணக்கு மாறுகிறது. அந்த மாதிரி இரண்டு மாதத்துக்கு மட்டும் மாதச் சந்தா எடுத்தால் 400. வீடியோவில் பார்க்க வேண்டியதை அதே மாதங்களுக்குத் தள்ளிவைத்தால் அந்த 300 மிச்சம். அவசரத்துக்கான 240, மூன்று தனி ஆர்டருக்கான 120, இரண்டும் உள்ளே அடங்கிவிடும். வருடத்தின் மற்ற நாட்களில் ஆறு தனி ஆர்டருக்கு 240 கட்டுகிறீர்கள், உறுப்பினர் விலையில் கிடைத்த 120 போகிறது. மொத்தச் செலவு 400 + 240 + 120 = 760. ஆண்டுச் சந்தா 1500, சந்தாவே இல்லாவிட்டால் 1020. இதுதான் மூன்றிலும் குறைவு. வீடு மாறுவது வருடா வருடம் வராது, ஆகவே அடுத்த ஆண்டு ஒரு மாதமே போதலாம்.

ஒரே நிபந்தனை: மாதச் சந்தா எடுத்த அன்றைக்கே புதுப்பிப்பை நிறுத்தி வைத்துவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் நிறுத்தினாலும் கட்டிய மாதம் முடியும்வரை பலன் தொடரும். மறந்தால் எட்டாவது மாதம் ஆண்டுக் கட்டணத்தையே தாண்டிவிடும்.

போன வருடக் கணக்கை வைத்து அடுத்த வருடம் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். கட்டணமும் பலனும் இரண்டும் நகரும். அமெரிக்காவில் 2005ல் அமேசான் பிரைம் 79 டாலருக்குத் தொடங்கியது. 2014ல் 99, 2018ல் 119, 2022ல் 139. 2024 ஜனவரியில் அங்கே பிரைம் வீடியோவுக்குள் விளம்பரம் வந்தது, விளம்பரம் வேண்டாம் என்றால் மேலே தனிக் கட்டணம். கட்டணம் அப்படியே இருந்து உள்ளே இருப்பது குறைந்தாலும் அது விலையேற்றம்தான்.

சாவித்துவாரம்:

நிறுத்துவது என்று முடிவானால் அதைச் செய்யும் விதத்தில்தான் தவறு நடக்கும்.

முதலில் சந்தா எந்த வழியாக ஓடுகிறது என்று பாருங்கள். கடையின் தளத்திலேயே எடுத்திருந்தால் கணக்கு, சந்தா மேலாண்மை, நிறுத்து. ஆப்பிள் அல்லது கூகுள் ஆப் ஸ்டோர் மூலம் கட்டியிருந்தால் அந்த ஸ்டோரின் சந்தாப் பட்டியலில்தான் நிறுத்த வேண்டும். செல்போன் திட்டத்தோடோ கார்டோடோ இலவசமாக வந்தது என்றால் அந்த நிறுவனத்தின் பக்கத்தில். ஆப்பை போனிலிருந்து நீக்குவதால் சந்தா நிற்காது.

கார்டு காலாவதியாகிவிட்டது, தானாக நின்றுவிடும் என்று நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புதிய கார்டு விவரத்தை வணிகருக்குத் தானாகச் சேர்க்கும் சேவை இருக்கிறது. உங்கள் வங்கி அதில் இருந்தால் புதுக் கார்டிலும் பணம் போகும்.

நிறுத்து என்று அழுத்தியதும் ஒரே திரையில் முடியாது. இழக்கப்போகும் பலன்களின் பட்டியல் ஒரு திரை, மாதச் சந்தாவுக்கு மாறுங்கள் என்று ஒன்று, இடைநிறுத்தம் செய்யலாமே என்று ஒன்று, பிறகு நினைவூட்டவா என்று ஒன்று. பெரிய நிறப் பொத்தான் பெரும்பாலும் "தொடர்க" பக்கம்தான் இருக்கும். "பிறகு நினைவூட்டு" என்பது நிறுத்தம் இல்லை. இடைநிறுத்தமும் முழு நிறுத்தம் ஆகாது, அது ஒரு தேதியில் தானாக மீண்டும் ஓட ஆரம்பிக்கலாம். முடிவுத் தேதியோடு கடைசித் திரை வந்து, மின்னஞ்சலும் வந்தால்தான் வேலை முடிந்தது. அந்தத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் வங்கியில் முறையிட நேர்ந்தால் அதுதான் ஆதாரம்.

இந்தத் திரைகள் வெறும் எரிச்சல் இல்லை, வழக்கு வரை போன விஷயம். தெளிவான சம்மதம் இல்லாமல் மக்களைப் பிரைமில் சேர்த்தது, வெளியேறும் வழியை வேண்டுமென்றே சிக்கலாக்கியது என்று அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 ஜூனில் அமேசான் மீது வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது: 100 கோடி அபராதம், 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. அமேசான் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பிரைம் வேண்டாம் என்பதற்குத் தெளிவான பொத்தான் வைக்க வேண்டும் என்பது அந்தச் சமரசத்தில் உண்டு.

நிறுத்தும் முன் மூன்றைப் பாருங்கள். சந்தாவோடு வந்த புகைப்படச் சேமிப்பிடத்தில் ஏதாவது இருந்தால் முதலில் அதை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். சந்தா போனால் இடம் சுருங்கும், அளவுக்கு மேல் இருப்பதைக் கெடு முடிந்ததும் அழிக்கலாம் என்று நிபந்தனையில் இருக்கும். பணத்தில் ஈடுகட்ட முடியாத இழப்பு இந்தப் பட்டியலில் அது ஒன்றுதான். அடுத்தது, சந்தாவில் இலவசமாகப் பார்த்த படமும் இரவலாக வந்த மின்னூலும் போய்விடும், தனியாக விலைகொடுத்து வாங்கியவை இருக்கும். மூன்றாவது, வீட்டில் வேறு யாராவது தங்கள் கணக்கை உங்கள் சந்தாவோடு இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அவர்களுக்கும் அன்றே நின்றுவிடும். சில வீடுகளில் இதைத் தேடும்போதுதான் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே சந்தாவுக்குக் கட்டிக்கொண்டிருப்பது தெரியவரும்.

தேன்சிட்டு:

புகைப்படம் விஷயம் தோன்றவே இல்லை, இன்றே இறக்கி வைக்கிறேன். ஒரு சந்தேகம். இப்போதே நிறுத்தினால் மீதி 20 நாள் போய்விடுமா? கடைசி நாள்வரை காத்திருக்கலாமா?

சாவித்துவாரம்:

காத்திருக்க வேண்டாம். பல தளங்களில் இரண்டு பொத்தான் இருக்கும்: "இப்போதே முடித்துக்கொள்", "இன்ன தேதியில் முடித்துக்கொள்". தேதி போட்டதை அழுத்தினால் 20 நாளும் கிடைக்கும், புதுப்பிப்பு மட்டும் நிற்கும். இப்போதே என்பதை அழுத்துவது, பயன்படுத்தாத காலத்துக்குப் பணம் திரும்ப வரும் என்று அந்தத் திரையிலேயே தொகை காட்டினால் மட்டும். கடைசி நாள் ஆபத்தானது. ஆப்பிள் வழியாக ஓடும் சந்தாவில் காலம் முடிவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளேயே பணம் எடுத்துவிடலாம். மற்ற இடங்களிலும் அவர்களுடைய நேர மண்டலத்தில் நள்ளிரவு வேறு நேரத்தில் வரும். குறைந்தது இரண்டு நாள் முன்னால் முடித்துவிடுங்கள்.

ஒருவேளை பணம் போய்விட்டாலும் உடனே எழுதுங்கள். புதிய காலத்தில் எந்தப் பலனையும் தொடவில்லை என்றால் முழுத் தொகையையும் திருப்பித் தரும் விதி பல தளங்களில் உண்டு. அதனால் புதுப்பித்துவிட்டது என்று தெரிந்த பிறகு ஒரு ஆர்டரும் போடாதீர்கள், வீடியோவையும் திறக்காதீர்கள், வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

பொட்டலம்:

இதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. நிறுத்தின சில நாள்ல "திரும்பி வாங்க, பாதி விலை"ன்னு மெயில் வரலாம். வந்தா அந்தப் பாதி விலையை மேல போட்ட கணக்குல வச்சுப் பாருங்க. 750னா, கணக்குப்புலி சொன்ன 760ஐ விடவே கம்மி, தாராளமா எடுக்கலாம். ஆனா அது முதல் வருஷத்துக்கு மட்டுமா, அடுத்த வருஷம் 1500ஆ ஏறுமான்னு சின்ன எழுத்துல இருக்கும். எடுத்த அன்னைக்கே புதுப்பிப்பை நிறுத்திடுங்க.

அப்புறம் செக்அவுட். சந்தா போன பிறகு ஒவ்வொரு தடவையும் அங்க "இந்த ஆர்டரை இலவசமா, நாளைக்கே பெறுங்கள்"னு பளிச்சுனு ஒரு பொத்தான் வரலாம். அது டெலிவரி பொத்தான் மாதிரி தெரியும், ஆனா அழுத்தினா 30 நாள் இலவசச் சோதனைல சேர்த்துடும், 31வது நாள் காசு எடுக்கும். வேண்டாம்னு போறதுக்கான வரி அதுக்குக் கீழ சின்னதா, சாம்பல் நிறத்துல இருக்கும். அதே கணக்குல வீட்ல வேற யாராவது ஆர்டர் போட்டா அவங்களுக்கும் அதைக் காட்டி வைங்க.